ஞாயிற்றுக்கிழமை அளவை யார் எடுப்பது?

காலநிலை மாநாடுகளில் நாடுகளின் சார்பில் பேசவரும் பேராளர்களுக்கு,

வணக்கம்.

நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் வகுப்பில் ஒரு வானிலைக் குறிப்பேடு இருக்கிறது. நீளமான அட்டை நோட்டு. தினமும் நண்பகல் 12 மணிக்கு வெப்பமானியைப் பார்த்து ஒருவர் எழுத வேண்டும். காலையில் மழைமானியைப் பார்த்து இன்னொருவர் எழுத வேண்டும். பள்ளி நாட்களில் பிள்ளைகள் முறைவைத்து எழுதுவார்கள். விடுமுறை நாட்களுக்கு நான் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாகப் போய்விட்டேன். திங்கள் மாலை நோட்டைத் திறந்தபோது அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சனிக்கிழமை 31.4. திங்கள் 32.0. இரண்டுக்கும் நடுவில் 31.7 என்று எழுதி மூடிவைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

செவ்வாய்க்கிழமை எழுத வந்த மாணவி பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை காலையிலேயே மழை பிடிச்சிருச்சு சார். மத்தியானம் தாண்டியும் விடல. அன்னிக்கு எப்படி 31.7 வரும்?" அதோடு விடவில்லை. "நேத்து மழைமானியில தண்ணி இருந்துச்சே, நான்தானே அளந்தேன்."

பதில் சொல்ல முடியவில்லை. சிவப்பு மையால் 31.7-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினேன்.

கோளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் பெரியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயத்தை ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். உங்கள் தொடக்க உரைகளை விடாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். பெரும்பாலான உரைகள் ஒரு தொலைநோக்குச் சிந்தனையாளரை மேற்கோள் காட்டித்தான் தொடங்குகின்றன. பிறகு மனிதகுலம், பொறுப்பு, வருங்காலத் தலைமுறை என்று வரிசையாக வரும். கைதட்டல். மேற்கோளாக வந்துபோன மனிதர் தன் வாழ்நாளில் எதைக் கேட்டார், எதற்காக அலைந்தார் என்ற பேச்சை மட்டும் உரையில் எங்கேயும் காணோம். எனக்கு உங்களோடு உள்ள வழக்கு அதுதான்.

யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், காற்றை உறிஞ்ச ஒரு பம்பு, நான்கு வெப்பமானிகள். இவ்வளவுதான் அவர் ஆய்வுக்கூடம். குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடேறியது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஆறுவதற்குப் பல மடங்கு நேரம் பிடித்தது. வளிமண்டலத்தில் இந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்று 1856-இல் எழுதினார். அந்த ஆண்டு அறிவியல் மாநாட்டில் அவருடைய கட்டுரையை வாசித்தவர்கூட அவர் இல்லை, ஜோசஃப் ஹென்றி என்ற இன்னொரு அறிஞர். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு ஃபுட்டின் பெயர் வெளியே தெரியவில்லை. 2011 வாக்கில்தான் ஓய்வுபெற்ற ஒரு நிலவியலாளர் பழைய தொகுப்பொன்றில் அதைக் கண்டெடுத்தார்.

(இதே சோதனையை வகுப்பில் செய்துகாட்ட ஆசைப்படும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புட்டியில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து வாயுவை நிரப்பினால் வெப்பமானி ஏறும், உண்மைதான். ஆனால் அது ஏறுவதற்கு வாயுவின் கனமும் ஒரு காரணம். சூரிய ஒளியையும், பூமி திருப்பி அனுப்பும் வெப்பக் கதிரையும் ஃபுட்டின் குழாய்களால் பிரித்துக் காட்ட முடியவில்லை. 1859-இல் தொடங்கி அதைப் பிரித்துக் காட்டியவர் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர்.)

1896-இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் காகிதமும் பேனாவுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமியின் சராசரி வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் கூடும் என்று விடை வந்தது. இன்றைய மதிப்பீடுகளைவிட அது கூடுதல்தான். அன்றைய தரவுகளை வைத்துப் பார்த்தால் வியப்பான நெருக்கம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூடு நல்லது என்றே அவர் நினைத்தார். குளிர்நாட்டுக்காரர், இதமான காலநிலை வரும் என்று மகிழ்ந்தார். அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று எண்ணினார். தொலைநோக்காளர்களைக் கடவுளாக்கும்போது இதையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். எதிர்காலம் முழுவதையும் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு துண்டைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதிவைத்தார்கள்.

என் வகுப்புக்கு மிகவும் பிடித்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கருவியை வைத்து அளக்கத் தொடங்கினார். முதல் அளவு, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 313 பங்கு கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்தது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது. கீலிங் வரைகோடு என்று நீங்கள் திரையில் காட்டுவீர்களே, அரத்தின் பற்கள்போல ஏறி இறங்கி ஏறும் அந்தச் சிவப்புக் கோடு, அது இவர் விட்டுப்போனது. அந்தப் பற்களுக்கும் பொருள் உண்டு. வடகோளத்தில் செடிகள் துளிர்க்கும்போது வாயு குறைகிறது, இலை உதிர்ந்து மட்கும்போது கூடுகிறது. பூமி மூச்சு விடுவது எண்ணில் தெரிந்த முதல் தடவை அது.

அந்தக் கோட்டை உருப்பெருக்கிப் பார்த்தால் 1964-இல் ஓர் இடைவெளி தெரியும். சில மாதங்களுக்கு அளவே இல்லை. புயலோ போரோ இல்லை, பணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காற்றைத் தினமும் அளப்பதில் புதுமை என்ன இருக்கிறது, ஒருமுறை அளந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே கீலிங்கின் பாதி வாழ்க்கை கழிந்தது. 2005-இல் அவர் இறந்தார். இப்போது மகன் ரால்ஃப் கீலிங் அந்த வேலையைத் தொடர்கிறார். 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்தபோது எரிமலைக் குழம்பு சாலையையும் மின்கம்பியையும் துண்டித்தது. சில வாரங்களுக்குள் பக்கத்து மலையான மௌனா கியாவில் கருவியை நிறுத்தி அளவைத் தொடர்ந்தார்கள்.

எரிமலையைச் சமாளித்துவிட்டார்கள். வரவுசெலவுத் திட்டத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அந்த நிலையத்தை நடத்தும் அமெரிக்க அமைப்பின் ஆய்வுப் பிரிவுக்கே நிதியை அடியோடு நீக்கும் முன்மொழிவு 2025-இல் வந்தது. உங்கள் மாநாட்டு அரங்கின் சுவரில் பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கும் கோட்டின் அடுத்த புள்ளியை வைக்கக் காசு இருக்குமா என்பது ஒவ்வோர் ஆண்டும் கேள்விக்குறி.

இனி, நீங்கள் பெருமைப்பட வேண்டிய கதைக்கு வருகிறேன். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஓசோனை அளந்துவந்தார்கள். கையால் எழுதிய தாள்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்காக 1977-இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஜோனத்தன் ஷாங்க்லின். தெளிப்பான் டப்பாக்களிலிருந்து வரும் வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று 1974-இல் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் எழுதியிருந்ததால் மக்களிடம் பயம் இருந்தது. ஆய்வகத்துக்குப் பொதுமக்கள் வரும் ஒரு நாளில் "பாருங்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த அளவே இன்றும் இருக்கிறது, பயம் வேண்டாம்" என்று காட்டலாமென்று ஷாங்க்லின் பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒத்துவரவில்லை. வசந்தகால அளவு ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்தது.

ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் அதை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் தரவிலும் அந்தச் சரிவு இருந்தது. நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்ததால் அந்த எண்கள் சந்தேகக் குறியோடு ஒதுங்கிக் கிடந்தன. ஓசோன் ஓட்டை வெளிப்பட்டது இப்படித்தான். பயம் வேண்டாம் என்று சொல்ல நினைத்த ஒருவர், பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்ததால்.

அதன்பிறகு நீங்கள், அதாவது உங்கள் நாற்காலிகளில் அன்று இருந்தவர்கள், செய்ததை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன். இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16-இல், மாண்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. அதில் கவிதை கிடையாது. எந்தப் பொருளை எந்த ஆண்டுக்குள் எத்தனை விழுக்காடு குறைப்பது என்ற அட்டவணை இருந்தது. சேராத நாட்டோடு அந்தப் பொருளில் வணிகம் செய்யத் தடை இருந்தது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் அவகாசம் இருந்தது. அவர்கள் மாறுவதற்கான செலவை ஏற்கத் தனி நிதியம் 1990-இல் முடிவானது. முதல் அட்டவணை போதாது என்று அளவீடுகள் சொன்னபோது 1990-இல் லண்டனிலும் 1992-இல் கோபன்ஹேகனிலும் கூடி இறுக்கினார்கள். உலக நாடுகள் அத்தனையும் ஏற்ற ஒப்பந்தம் அது. அண்டார்டிகாவின் மேலே ஓசோன் 2066 வாக்கில் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது இப்போதைய மதிப்பீடு. இந்தக் கையெழுத்தின்போது பிறந்த குழந்தைக்கு அப்போது எழுபத்தொன்பது வயதாகும்.

அட்டவணையோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. 2010-இல் முற்றிலும் நின்றிருக்க வேண்டிய சிஎஃப்சி-11 என்ற, ஓசோனை அரிக்கும் வாயு 2012-க்குப் பிறகு மீண்டும் கூடுதலாகக் கசிவதை 2018-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். யாரோ எங்கேயோ திருட்டுத்தனமாகத் தயாரிக்கிறார்கள். எங்கே? கொரியாவிலும் ஜப்பானிலும் தீவுகளில் இருந்த அளவீட்டு நிலையங்கள் காற்று வந்த திசையை வைத்துக் கிழக்குச் சீனாவைச் சுட்டின. சில ஆண்டுகளில் கசிவு தணிந்துவிட்டது. அந்தத் தீவுகளில் ஒரு நிலையத்துக்கு அந்த ஆண்டு பணம் இல்லாமல் போயிருந்தால்?

தொலைநோக்கு என்றதும் நம் மனதில் மலை உச்சியில் நின்று அடிவானத்தைப் பார்க்கும் ஒரு மனிதர் வருகிறார். எனக்கு வருவது, இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில் பட்டினி கிடந்தவர்கள். அந்நாட்டுத் தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவ் ஐந்து கண்டங்களிலும் அலைந்து பயிர் விதைகளைச் சேர்த்தவர். பஞ்சம் வராமல் தடுக்க வேண்டுமென்றால் பயிர்களின் பன்மையைக் காக்க வேண்டும் என்று அன்றே சொன்னார். 1940-இல் அவரைக் கைது செய்தார்கள். 1943-இல் சிறையில் இறந்தார். அதே காலத்தில் லெனின்கிராடு முற்றுகையில் அவருடைய நிறுவன ஊழியர்கள் விதைகளைக் காத்தபடி ஒவ்வொருவராகப் பசியில் செத்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் நெல் பொட்டலங்களுக்கு நடுவிலேயே இறந்தார். ஒரு பிடி எடுத்து வேகவைத்திருக்கலாம். கேட்க ஆளில்லை.

அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாக 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் உறைநிலத்தில் உலக விதைக் களஞ்சியம் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குத் தேவைப்படாது என்றுகூட அப்போது எண்ணியிருக்கலாம். ஏழே ஆண்டுகளில், 2015-இல், சிரியாவின் அலெப்போவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஒரு ஆய்வு மையம் போரால் தன் விதைகளை அணுக முடியாமல் அங்கிருந்து திரும்ப எடுத்தது. வேறு இடத்தில் விதைத்துப் பெருக்கி, 2017-இல் மீண்டும் கொண்டுவந்து வைத்தது.

வேறு கோளுக்குக் குடிபோவதைப் பற்றிப் பேசும் தொலைநோக்காளர்களும் உங்கள் மேடைகளில் இப்போது தென்படுகிறார்கள். விண்வெளி நிலையத்தில் ஏழு பேர் உயிரோடிருக்க பூமியிலிருந்து சரக்குக் கலங்கள் மாறி மாறிப் போகின்றன. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கணக்குக்கு வருவோம். 1992-இல் ரியோவில் காலநிலை உடன்படிக்கை. அதன்பின் இருபத்தெட்டாவது மாநாட்டில்தான், 2023-இல் துபாயில், புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வது என்ற சொற்கள் முடிவறிக்கையில் ஏறின. நோயைப் பற்றி முப்பது ஆண்டு பேசிவிட்டு, நோய்க்குக் காரணமான பொருள்கள் எல்லாவற்றையும் விட்டு விலகுவதாக அப்போதுதான் சொன்னீர்கள். அதற்கு முன் 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் நிலக்கரியைப் படிப்படியாக "ஒழிப்பது" என்றிருந்ததைக் கடைசி நேரத்தில் "குறைப்பது" என்று மாற்றினீர்கள். மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் மன்னிப்புக் கேட்டுக் கண்கலங்கினார்.

அந்த மாற்றத்தைக் கேட்ட நாடுகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்கு வந்த இந்திரா காந்தி, வறுமையும் தேவையும்தான் பெரிய மாசு அல்லவா என்று கேட்டார். அரை நூற்றாண்டாகியும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதியாக ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-இல் வளர்ந்த நாடுகள் வாக்குக் கொடுத்தன. கெடு 2020. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-இல்தான் என்று பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட அமைப்பான ஓஇசிடி-யின் கணக்கே சொல்கிறது. கடனாகத் தந்ததையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கொடுத்த வாக்கைத் தவறவிட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொல் தேர்வு பற்றிப் பாடம் நடத்தினால் யார் கேட்பார்கள்? அதே சமயம், வறுமையைக் கேடயமாகத் தூக்கிப்பிடிப்பவர்களில் எத்தனை பேர் அந்த வறியவருக்காகப் பேசுகிறார்கள் என்பதும் எனக்குச் சந்தேகமே. வெயிலில் கூலிவேலை செய்பவருக்கு ஒரு டிகிரி என்பது விவாதப்பொருள் இல்லை.

2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஓராண்டு தாண்டியதாலேயே பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி இலக்கு உடைந்துவிட்டதாகப் பொருளில்லை, அது நீண்டகாலச் சராசரி என்று எனக்கும் தெரியும், மாணவர்களுக்கும் சொல்லிவிட்டேன். அந்த ஒப்பந்தப்படி உமிழ்வைக் குறைக்கும் புதிய உறுதிமொழிகளைத் தர 2025 பிப்ரவரி 10 கெடு. பெரும்பாலான நாடுகள் அதைத் தவறவிட்டன. அதற்கு என்ன பெயர் என்று மாணவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

பிறக்காதவர்களுக்காக யார் பேசுவது என்ற கேள்விக்குக் கொஞ்சம் விடை கிடைத்திருக்கிறது. வேல்ஸ் 2015-இல் சட்டம் இயற்றி, வருங்காலத் தலைமுறைக்கென ஓர் ஆணையரை வைத்தது. பசிபிக் தீவுகளின் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019-இல் ஒரு யோசனையைக் கிளப்பினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதைக் கையிலெடுத்தது. 2023-இல் ஐநா பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23-இல் ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது. வகுப்பறை வீட்டுப்பாடம் ஹேக் வரை போக ஆறு ஆண்டு. உங்கள் வேகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. கீலிங்கின் நிலையம் போன்றவற்றை ஆண்டு வரவுசெலவின் தயவிலிருந்து விடுவியுங்கள். குறைந்தது இருபது, முப்பது ஆண்டுக்கான பணத்தை எந்த அரசும் தொட முடியாத கணக்கில் போடுங்கள். ஆப்பிரிக்காவிலும் சிறு தீவுகளிலும் வானிலை நிலையங்களே இல்லாத பரப்புகள் கிடக்கின்றன. அவற்றை நிரப்பத்தான் கிளாஸ்கோவில் ஒரு நிதியம் தொடங்கினீர்கள். அதை மறந்துவிடாமல் நிரப்புங்கள். உறுதிமொழிகளுக்கு மாண்ட்ரியல் போன்ற அட்டவணை வேண்டும்: எது, எவ்வளவு, எந்த ஆண்டு, தவறினால் என்ன.

இன்னொன்று, செலவே இல்லாதது. உங்கள் அறிக்கைகளில் கெடு தவறிய இடங்களில் "தொடர்ந்து முயன்றுவருகிறோம்", "முன்னேற்றம் காணப்படுகிறது" என்றெல்லாம் எழுதுகிறீர்கள். சனிக்கும் திங்களுக்கும் நடுவில் நான் போட்ட 31.7 போலத்தான் அவையும். அந்த இடங்களில் "செய்யவில்லை" என்று எழுதுங்கள். எழுதும்போது கை கூசும். எனக்கும் கூசியது.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். சிவப்பு மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. அடித்த எண் இன்னும் தெரிகிறது. அதற்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமைகளின் கையெழுத்து என்னுடையது அல்ல. அந்த மாணவி என்னிடமிருந்து அந்த முறையைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்